தேய்த்தால் போச்சு! சோர் பஜாரில் பழைய சுங்கான் வியாபாரம்

மும்பை கிராண்ட் ரோடு பக்கம் உள்ள மட்டன் தெருவுக்குப் பெயர்தான் அப்படி. அங்கே விற்பது பழைய கடிகாரம், கிராமபோன், சினிமா போஸ்டர், பித்தளைச் சாமான். சோர் பஜாரின் முக்கியமான தெரு அது.

இந்தச் சாமான்களுக்கு நடுவே சில சமயம் சுங்கான்களும் கிடக்கும். "பைப்" என்பார்களே, அதுதான். ஒரு காலத்தில் கம்பெனி துரைமார் வாயில் இருந்தது. பழைய தமிழ்ப் படங்களில் பணக்கார அப்பாவுக்கு அடையாளமும் அதுவே.

அந்த அப்பாக்கள் போய்விட்டார்கள். வீட்டைக் காலி செய்யும்போது மேஜை டிராயரில் கிடந்த சுங்கான், வேலைக்காரர் கைக்கோ பங்கார்க்காரர் சாக்குக்கோ வந்து சேருகிறது. காசு கிடைப்பதும் கைநழுவுவதும் இந்த இடத்தில்தான்.

உப்புத்தாள் செய்யும் வேலை

அழுக்காக இருந்தால் யார் வாங்குவார்கள் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்கள். சுங்கான் பளபளக்கிறது. கூடவே தண்டில் பொறித்திருந்த பொடி எழுத்துகளும் போய்விடுகின்றன. விவரம் தெரிந்தவர் முதலில் தேடுவது அந்த எழுத்துகளைத்தான்!

லண்டன் டன்ஹில் கம்பெனிச் சுங்கான் என்றால் வாய்க்குழலின் மேல்பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். 1915-ல் வந்த வழக்கம் இது. ஆனால் புள்ளியை மட்டும் நம்பக் கூடாது. வேறு கம்பெனிகளும் புள்ளி வைத்ததுண்டு. வாய்க்குழலை மாற்றி மாட்டவும் முடியும். தண்டிலும் பெயர் இருக்க வேண்டும். "இங்கிலாந்து" என்ற ஆங்கிலச் சொல்லை ஒட்டி ஒரு சிறிய எண் இருக்கும். 1960-க்குப் பின் வந்தவற்றில் 15 என்றால் 1975-ல் செய்தது.

டப்ளின் நகரத்துப் பீட்டர்சனில் "அயர்லாந்து குடியரசு" என்று இருந்தால், அது 1949-க்கு முந்தியதாக இருக்க முடியாது. கடைக்காரர் நூறு வருஷச் சாமான் என்று சத்தியம் செய்தாலும் சரி!

வெள்ளை, பழுப்பான கதை

பெரும்பாலான சுங்கான்கள் 'பிரையர்' மரம். மத்தியதரைக் கடலோரப் புதரின் வேர்முண்டு அது, சூடு தாங்கும். 'மீர்ஷாம்' வேறு ரகம். துருக்கியில் எஸ்கிசெஹிர் பக்கம் தோண்டியெடுக்கும் இலேசான வெள்ளைக் கனிமம். புகை ஏற ஏற அது தேன் நிறமாகி, பிறகு பழுப்பாகும். ரசிகர்கள் விரும்புவது அந்த நிறத்தைத்தான். அழுக்கு என்று சோப்புப் போட்டுக் கழுவினால் நஷ்டம் விற்பவருக்கே.

வாங்குகிறவர் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், சாய்த்துப் பார்க்க வேண்டும். ஒரு பூதக்கண்ணாடி உதவும். கிண்ணத்துக்குள் கரி மெல்லியதாகப் படிந்திருந்தால் பரவாயில்லை. தடித்துப் போயிருந்தால் சூட்டில் கிண்ணமே வெடிக்கும். வாய்க்குழல் நுழையும் இடத்தில் கீறல் உண்டா என்றும் பார்க்க வேண்டும். வாய்க்குழல் பச்சை கலந்த பழுப்பாக இருந்தால் பயமில்லை. ரப்பரும் கந்தகமும் சேர்ந்த பொருள், வெயில் பட்டு நிறம் மாறியிருக்கும். மெருகேற்றினால் கறுப்பு திரும்பிவிடும்.

புகைக்க வாங்கினால் வாய்ப் புற்றுநோயையும் சேர்த்து வாங்குவதாகும். அலமாரியில் வைக்கத்தான் இது அழகு.

விற்கப் போகிறவர் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். எடைக்குப் போடாமல், இரண்டு மூன்று கடைகளில் எழுத்தைக் காட்டி விலை கேட்கலாம். வெள்ளிக்கிழமை மட்டன் தெருக் கடைகளுக்கு விடுமுறை.