தூரம் ஒன்று, நேரம் இரண்டு

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு அண்மையிலுள்ள ஜோகுபாளையத்தாருக்கு, 2008-ஆம் ஆண்டு மே மாதத்தில் தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் திறக்கப்பட்டு, ஹெச்.ஏ.எல். நிலையத்தின் பிரயாணிகள் போக்குவரத்து அங்கே மாற்றப்படும் வரையில், ஆகாய விமானம் என்பது ஆட்டோ பிடித்துப் போய் ஏறக்கூடிய வாகனமாகவே இருந்தது. இன்று அங்கிருந்து சிங்கப்பூரிலுள்ள மகனைப் பார்க்கப் புறப்படும் ஒரு தாய் தம் டிக்கெட்டைப் பார்த்தால் திகைப்படைவது சகஜமே. இரவு 11 மணிக்குக் கிளம்பும் விமானம் காலை 6 மணிக்குப் போய்ச் சேருகிறது. திரும்பும்போதோ, இரவு 8 மணிக்கு ஏறினால் 10 மணிக்கே பெங்களூர் வந்துவிடுகிறது! டிக்கெட்டில் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் மணியையே அச்சிடுகிறார்கள். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தியது. அதைக் கழித்தும் கூட்டியும் பார்த்தால் இரு வழியிலும் பிரயாணம் நாலரை மணி நேரந்தான். தூரம் 3,200 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

ஆயினும் கடிகார வித்தியாசத்தை நீக்கிய பிறகும் போக்கும் வரவும் ஒத்துவராத மார்க்கங்கள் உண்டு. பெங்களூருக்கும் டோக்கியோவின் நரிதா நிலையத்துக்கும் இடையே ஏறத்தாழ 6,700 கிலோமீட்டர். போவதைக் காட்டிலும் வருவதற்கு ஒரு மணிக்கு மேல், குளிர்காலத்தில் இரண்டு மணி வரையிலுங்கூட, அதிகம் பிடிக்கிறது. காரணம் காற்று. விமானத்தின் வேகம் தரையைப் பொறுத்ததன்று, தன்னைச் சூழ்ந்த காற்றைப் பொறுத்தது. ஆற்றுப் பெருக்கோடு போகும் பரிசலுக்கும் அதை எதிர்த்து வரும் பரிசலுக்கும் உள்ள பேதமே இங்கும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம், மேற்கிலிருந்து 150 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றில் கிழக்கே செல்கையில் தரையின் மீது 1,050 கிலோமீட்டரைக் கடக்கும். எதிர்த்து வருகையில் 750 மட்டுமே. ஜப்பானுக்கு மேலே பல ஆயிரம் அடி உயரத்தில் இத்தகைய கடுங்காற்று ஓடுவதை, பலூன்களைப் பறக்கவிட்டு 1920-களிலேயே அளந்து அறிந்தவர் ஒயிஷி வசபுரோ என்னும் ஜப்பானிய வானிலை அறிஞர். அவர் தமது ஆராய்ச்சியை எஸ்பெராந்தோ மொழியில் வெளியிட்டதால், வெளியுலகம் அதை வெகுகாலம் கவனியாமலே விட்டது. அத்தகைய உழைப்பு அவ்வாறு மறைந்து கிடந்தது வருந்தத்தக்கதே.

இனி, பாதை. தட்டையான தேசப்படத்தில் பெங்களூரையும் டோக்கியோவையும் அளவுகோல் வைத்து இணைத்தால், அந்தக் கோடு குறுக்கு வழியாகத் தோன்றும். உண்மையில் அதற்கும் வடக்கே வளைந்து, வங்காள விரிகுடாவையும் பர்மாவையும் கடந்து, சீனத்தின் யுன்னான் பிரதேசத்தின் மேலாகச் செல்லும் வழியே குறுகியது. உருண்டையான பூமியைத் தாளில் விரிக்கும்போது நேரும் திரிபு இது. விமானிகளோ காற்றின் போக்கையும், அயல் நாட்டு ஆகாய எல்லைகளுக்குரிய அனுமதியையும் கருதி, இதிலிருந்தும் சற்று விலகிச் செல்வார்கள்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால், முப்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள பூகோள உருண்டை ஒன்றையும் ஒரு நூலையும் அவர்கள் கையில் கொடுங்கள். பெங்களூருக்கும் டோக்கியோவுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்தால் அது தானாகவே வடக்கே வளைந்த அந்த வழியில் அமரும். ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 425 கிலோமீட்டராகக் கணக்கிட்டால் தூரமும் கிடைத்துவிடும்.