வீட்டைக் கட்டிப் பார் – 17: பூச்சுக்கு முன்னால் குசினி

மேசன் பாஸ் வந்து “அடுத்த கிழமை பூச்சு தொடங்குறோம்” என்று சொன்னால், அன்றைக்கே கண்டிக்குப் போய் பிரிட்ஜ் பார்த்துவிட வேண்டும். காசு கொண்டுபோகத் தேவையில்லை. அளவுநாடாவும் ஒரு கொப்பியும் போதும். பேராதனையில், பெனிதெனிய, ஹிந்தகல, கலஹா வீதிப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். பெயின்ட் அடித்து, பால் காய்ச்ச நாள் பார்த்த பிறகு சாமான் வாங்கப் போவார்கள். கடைசியில் ஆசையாய் ஒட்டிய டைல்ஸின் மேல் மல்டி பிளக் வயர் தொங்கும்.

பெனிதெனியவில் ஒரு வீட்டில், சுவரைக் கொத்துவதற்கு முன் கரண்ட் வேலைக்காரர் கேட்டார்: “டீச்சர், குசினிக்கு எத்தனை பொயின்ட் வைக்க?”

“மூன்று போதும்தானே தம்பி?”

“ரைஸ் குக்கர், கேத்தல், கிரைண்டர், பிளெண்டர், பிரிட்ஜ்… நீங்களே எண்ணிப் பாருங்க டீச்சர்.”

எண்ணினார். எட்டு வந்தது. அதற்கும் அவர் மைக்ரோவேவைச் சேர்க்கவில்லை.

எண்ணிக்கையைவிட முக்கியம், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால் வீடு தாங்குமா என்பது. சிறிய வீடுகள் பலவற்றுக்குக் கிடைப்பது சிங்கிள் பேஸ், 30 அம்பியர் இணைப்பு. நம் வோல்டேஜ் 230. இரண்டையும் பெருக்கினால் 6,900 வோட். காலை ஆறு மணிக்குப் பேராதனை வீடொன்றில் நடப்பதைப் பாருங்கள். குளியலறை ஹீட்டர் 3,500, இன்டக்‌ஷன் அடுப்பு 2,000, கேத்தல் 1,800, ரைஸ் குக்கர் 700. கூட்டினால் 8,000. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைக்கு யாராவது அயன் போட்டால் கேட்கவே வேண்டாம், சற்று நேரத்தில் மெயின் விழும். பெரிய சாமான்களுக்குத் தனித்தனி வயர் இழுப்பதும், தேவையானால் திரீ பேஸுக்கு விண்ணப்பிப்பதும் பூச்சுக்கு முன்னால் செய்தால் சின்னச் செலவு. பிறகென்றால் சுவரை உடைக்க வேண்டும்.

பிளக்கையும் கவனியுங்கள். 2017இல் மூன்று சதுரக் கால் உள்ள 13 அம்பியர் பிளக்கை நாட்டின் ஒரே தரமாக அறிவித்தார்கள். ஆனால் சென்னையிலிருந்து மாமி கட்டிக்கொண்டு வரும் கிரைண்டருக்கு இன்னும் வட்டக் கால்தான். அதற்காக அடப்டர் மேல் அடப்டர் சொருகாமல், தலையை வெட்டி நல்ல 13 அம்பியர் பிளக் ஒன்றைப் போட்டுவிடுங்கள். அந்தப் பிளக்குக்குள்ளேயே ஒரு சின்ன பியூஸ் இருக்கிறது. அது எரிந்தால் புதிது வாங்கிப் போட வேண்டும். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போடும் கெட்டித்தனம் நம் ஊரில் ரொம்பக் காலமாக இருக்கிறது, அது வேண்டாம்.

இனி அடுப்பு. இதில் எனக்குப் பிடிவாதமான ஒரு கருத்து உண்டு: குசினிக்கு இரண்டு வகை நெருப்பு வேண்டும். காரணத்தை இலங்கையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2021 நவம்பர், டிசம்பரில் காஸ் அடுப்புகள் வெடித்த செய்தி நாள்தோறும் வந்தது. உருளைக்குள் புரொப்பேன், பியூட்டேன் கலக்கும் விகிதத்தை மாற்றியதே காரணம் என்று விசாரணைக் குழு சொன்னது. அதன்பின் காஸே இல்லாமல் போனது. வெற்று உருளைகளை வீதியோரம் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு மக்கள் வரிசையில் நின்றார்கள். 2022 ஏப்ரலில் 12.5 கிலோ லிட்ரோ உருளையின் விலை 4,860 ரூபாவானது. சரி, கரண்ட் அடுப்புக்கு மாறலாம் என்றால், அதற்கு முந்திய மாதக் கடைசியில்தான் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. அதையும் தாண்டி வந்தோம். பிறகு மின்கட்டணம் 2022 ஓகஸ்ட்டில் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏறியது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க இருண்டது. பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் என்றார் அமைச்சர். பேராதனைக்காரருக்கு அதில் ஆச்சரியமில்லை. கம்பஸ் பக்கத்துக் குரங்குகள் ஜன்னல் வழியாக வந்து பாண் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துப் பழகியவர்கள். (குசினி ஜன்னலுக்கு வலை அடியுங்கள். புகை உறிஞ்சும் ஹூட்டின் வெளிக்குழாய் வாய்க்கும்தான்.)

ஆகவே காஸ் அடுப்பு ஒன்று, பக்கத்தில் ஒற்றைக் கரண்ட் அடுப்பு ஒன்று. அந்தக் கரண்ட் அடுப்பு இன்டக்‌ஷனா, இன்ஃப்ராரெட்டா? கடையில் இரண்டும் ஒரே மாதிரிக் கறுப்புக் கண்ணாடியாகத்தான் தெரியும். இன்டக்‌ஷன் காந்தம் ஒட்டுகிற பாத்திரத்தைத்தான் சூடாக்கும். மண்சட்டியும் அலுமினியத் தாச்சியும் அதில் சும்மா உட்கார்ந்திருக்கும். மீன்குழம்புக்கு மண்சட்டியை விடமாட்டேன் என்கிறவர்கள் இன்ஃப்ராரெட் வாங்கலாம், ஆனால் சட்டிக்கு அடி தட்டையாக இருக்க வேண்டும். வீண்போகும் சூடு அதில் கூட, அணைத்த பிறகும் கண்ணாடி கொதிக்கும், சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் கவனம். ஒரு பிரிட்ஜ் காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய், வீட்டிலிருக்கும் பாத்திரங்களில் எத்தனைக்கு அது ஒட்டுகிறது என்று முதலில் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கூரையில் சோலார் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பற்றரி இல்லாத சாதாரண சோலார், லைன் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவருக்கு ஷொக் அடிக்கக்கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

காஸ் உருளையைப் புது வீட்டில் வெளியே, காற்றோட்டமுள்ள கூட்டுக்குள் வைத்து, குழாய் வழியாக உள்ளே கொண்டுவருவதே நல்லது. இந்த வாயு காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும். கபட்டுக்குள் பூட்டிவைத்தால் மணமே சீக்கிரம் வராது. உருளை போகும் வழியையும் யோசியுங்கள். பேராதனை வீடுகளில் பாதி, வீதியிலிருந்து படியிறங்கிப் போகிறவை. காஸ் 12.5 கிலோ, இரும்பும் ஏறக்குறைய அதே எடை. அதைத் தோளில் வைத்து மழையில் பாசி பிடித்த படியில் இறங்குகிறவர் யார் என்று இப்போதே முடிவாகட்டும்.

பிரிட்ஜுக்கும் அதே படிதான் சோதனை. இரட்டைக் கதவு பிரிட்ஜ் குசினிக்குள் அழகாக நிற்கும், ஆனால் பின்கதவு வழியாகப் போகாது. கடையில் அளந்ததைப் படி திரும்பும் இடத்திலும், கதவு நிலையிலும் வைத்துப் பாருங்கள். இன்வேட்டர் வகை விலை கூட என்றாலும் எடுக்கலாம் என்பேன். காரணம் மின்பில்லின் கணக்கு. மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு விலை, நிலையான கட்டணமும் ஏறும். நாளுக்கு ஒரு யூனிட் குடிக்கும் பிரிட்ஜ் அந்த 60இல் பாதியைத் தனியே தின்றுவிடுகிறது.

இப்போது ரைஸ் குக்கர். டோஷிபா 1955இல் ஜப்பானில் விற்பனைக்கு விட்ட சாமான், நம் ஊரில் அநேகமாக எல்லா வீட்டிலும் இருப்பது. அதன் அடியில் ஸ்பிரிங்போல் அமுங்கும் சிறு வட்டம் ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். உள்ளே காந்தம். பானையில் தண்ணீர் இருக்கும்வரை சூடு கொதிநிலையைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும், நூற்றுச் சொச்சம் பாகையில் அந்தக் காந்தம் பிடிமானத்தை இழக்கும், ஸ்பிரிங் தள்ளும், “டக்” என்று ஸ்விட்ச் விழும். மூளையுள்ள கருவி எதுவும் இல்லை. அதனால் பட்டன் நிறைந்த விலை கூடிய மொடலுக்கு ஆசைப்படாதீர்கள், சிவப்பு நாட்டரிசிக்குத் தண்ணீர்க் கணக்கு எந்தக் கணினிக்கும் தெரியாது. பொங்கி வழியாமலிருக்க, தேவைக்கு ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், அவ்வளவுதான்.

ஆனால் அதை எங்கே வைப்பது? பேன்ட்ரி கபட் செய்கிறவர் பார்வைக்கு அழகாக இருக்கட்டுமென்று மேல்கபட்டுக்கு நேர்கீழே இடம் ஒதுக்குவார். தினமும் ஒரு மணி நேர நீராவி அந்தக் கபட்டின் அடிப்பலகையில் முட்டும். கண்டி ஈரத்தில் அது காயவும் காயாது. ஒரு வருடத்தில் மூலை உப்பும், பிறகு லெமினேட் உரியும், கதவு மூடாது. ஜன்னலோரமாக, மேலே ஒன்றுமில்லாத இடத்தில் அதற்கொரு பொயின்ட் வையுங்கள்.

பதித்த ஓவன் பற்றிப் பலர் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த பேராதனை வீடுகளில் அது வருடத்தில் ஒரு கேக்கும், மிச்ச நாளெல்லாம் தட்டுகளும் வைக்கும் அலுமாரி. பொயின்ட்டை மட்டும் இழுத்து வைத்துவிட்டு விடலாம். அதற்குப் பதில் பின்பக்கம் ஒரு சின்ன விறகுக் குசினிக்கு இடம் விடுங்கள். முன்னால் பளபளவென்று பேன்ட்ரி, பின்னால் கரிபிடித்த உண்மையான குசினி என்று சிரிப்பார்கள். 2022இல் அந்தக் கரிக் குசினிகள்தான் சோறு போட்டன. இரட்டைப் பானை வைக்கும் அனகி களிமண் அடுப்பு ஒன்று போதும், மூன்று கல் அடுப்பைவிட விறகு மிச்சம்.

கடைசியாக, வாங்கும் நாள். சித்திரைப் புத்தாண்டுக் கழிவில் எல்லாவற்றையும் அள்ளி, பூசாத வீட்டில் பெட்டியோடு அடுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். வாரன்டி பில் எழுதிய நாளிலிருந்து ஓடுகிறது, சிமெந்துத் தூசும் ஈரமும் பெட்டிக்குள் போகின்றன. மார்ச், ஏப்ரலில் பின்னேர இடிமின்னல் வேறு. அந்த மாதங்களில் புது பிரிட்ஜை இணைப்பதென்றால் சேர்ஜ் பாதுகாப்பு பொருத்திய பிறகுதான் இணைக்க வேண்டும். அளவெடுப்பது பூச்சுக்கு முன், வாங்குவது பெயின்ட் காய்ந்த பின். பால் காய்ச்ச அடுப்பு மட்டும் இருந்தால் போதுமே.

அடுத்த வாரம்: மழைநீர்த் தொட்டி.