வில்லி ஓறீயின் வரலாறும் அதனைத் திருத்தும் முறையும்

அண்மைக்காலத்தவர் ஒருவரின் வரலாற்றை எழுதுதல், பண்டைக்காலத்தவர் வரலாற்றை எழுதுதலினும் எளிதென்று பலர் எண்ணுவர். பதிவேடுகள் உள; பத்திரிகைகள் உள; அவர்தம் வாய்மொழியும் உண்டு. ஆயினும், புகழ்பெற்ற விளையாட்டு வீரர் விடயத்தில் இவ்வெண்ணம் பெரும்பாலும் பொய்த்துவிடுகின்றது. ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றொருவர் எழுத, அவரைப் பார்த்து வேறொருவர் எழுதச் சிறு வழுவொன்று நிலைபெற்ற உண்மையாகி விடுகின்றது. கனடா நாட்டுப் பனிக்கட்டி ஹொக்கி வீரர் வில்லி ஓறீயின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இவர் நியூ பிரன்சுவிக் மாகாணத்துப் பிரெடரிக்டன் நகரில் 1935ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆந் திகதி பிறந்தவர். 1958ஆம் ஆண்டு சனவரி 18ஆந் திகதி மொன்றியல் போரம் அரங்கில், பொஸ்ரன் புரூயின்ஸ் கழகத்தின் சார்பில் மொன்றியல் கனேடியன்ஸ் கழகத்தை எதிர்த்து விளையாடினார். தேசிய ஹொக்கி லீக்கில் விளையாடிய முதலாவது கறுப்பின வீரர் இவரே. இக்கூற்று முற்றிலும் உண்மை. ஆனால் இதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் தனித்தனி காவல் செய்கின்றது. ஒன்றை நெகிழ்த்தினும் கூற்றுப் பொய்யாகிவிடும்.

"கறுப்பின வீரர்" என்பதை "வெள்ளையரல்லாத வீரர்" என மாற்றின், சீன வம்சத்தவரான லரி குவோங் மறைக்கப்படுவார். அவர் 1948ஆம் ஆண்டு மார்ச் 13ஆந் திகதி அதே மொன்றியல் அரங்கில் நியூயோர்க் றேஞ்சர்ஸ் கழகத்துக்காக இறங்கினார்; களத்தில் நின்றது ஏறத்தாழ ஒரு நிமிடமே. "விளையாடிய" என்பதை "ஒப்பந்தஞ் செய்யப்பெற்ற" என மாற்றின், 1950ஆம் ஆண்டிலேயே றேஞ்சர்ஸ் அமைப்போடு ஒப்பந்தஞ் செய்தும் அந்த லீக்கில் ஒருநாளேனும் ஆடாத ஆட் டொறிங்டன் மறைவார். "தேசிய லீக்" என்னுந் தொடரை விட்டு "ஹொக்கியின் முதற் கறுப்பினத்தவர்" என எழுதுவோரும் உளர். நோவா ஸ்கோசியாவில் 1895ஆம் ஆண்டளவில் தோன்றிய கறுப்பினத்தவர் லீக்கையும், கியூபெக்கிற் புகழோடு விளங்கிய ஹேர்ப் கார்னகியையும் அன்னோர் ஒரே வரியில் அழித்துவிடுகின்றனர். ஒருவருக்கு மிகுதியாக அளிக்கும் புகழ் பிறரிடமிருந்து பறித்ததாகவே அமைகின்றது.

"ஹொக்கியின் ஜக்கி றொபின்சன்" என்ற பட்டமும் ஆராய்தற்குரியது. பேஸ்போல் ஆட்டத்தில் றொபின்சன் 1947ஆம் ஆண்டு ஏப்பிரலிற் களமிறங்கினார். அவ்வாண்டிலேயே லரி டோபி அவரைத் தொடர்ந்தார். ஓறீ லீக்கில் இறுதியாக ஆடியது 1961இல். அடுத்த கறுப்பின வீரரான மைக் மார்சன் வந்ததோ 1974இல். கதவைத் திறந்துவிட்டார் என்று எழுதுவது கேட்க இனிதாயினும், அவர் உட்சென்றபின் அக்கதவு பதின்மூன்று ஆண்டுகள் மீண்டும் மூடிக்கிடந்தது என்பதே உண்மை.

எண்களைப் பற்றி நீளக் கூறவேண்டியதில்லை. 1958இல் இரண்டு, 1960–61 பருவத்தில் நாற்பத்துமூன்று, ஆக 45 ஆட்டங்கள். கோல்கள் 4, துணைபுரிந்தவை 10. "1958 முதல் 1961 வரை விளையாடினார்" என்று மொட்டையாக எழுதினால் நடுவிலுள்ள இடைவெளி மறைந்து, தொடர்ந்து ஆடினார் என்ற தோற்றம் உண்டாகும்.

இவ்வெண்களைச் சரியாகத் தருவதினும் அரியது அவற்றின் பொருளைத் தருதல். 1955–56 பருவத்தில் இளையோர் ஆட்டமொன்றில் இறப்பர் வட்டு முகத்திற் பட, ஓறீ தமது வலக்கண் பார்வையைப் பெரும்பாலும் இழந்தார். வெளிப்படின் லீக்கில் இடங்கிடையாதாதலால் அதனை மறைத்தே ஆடினார். அவர் நின்ற இடம் இடப்புறம். அங்கே நிற்பவனுக்கு ஆட்டம் முழுவதும் வலப்பக்கத்திலேயே நிகழும். வட்டு வருவதும் எதிரி பாய்வதும் அப்பக்கத்திலிருந்தே. காணாத கண்ணின் பக்கமே அவருக்கு ஆட்டக்களமாயிற்று. ஒவ்வொரு முறையும் தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பியே வட்டைக் காணவேண்டியிருந்தது. பின்னர் மேற்கு ஹொக்கி லீக்கில் லொஸ் ஏஞ்சலிஸ் பிளேட்ஸ் கழகத்தில் ஆடுகையில் வலப்புறத்துக்கு மாற்றப்பட்டார். இப்பொழுது நல்ல கண் களத்தை நோக்கியது. 1964–65 பருவத்தில் 38 கோல்கள் அடித்தார். சான் டியேகோவில் 1968–69இலும் அதே தொகை. நான்கு கோல்களோடு முடிந்தவர் திறமை குறைந்தவரென்று எண்ணுவோர் இவ்விரண்டையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்த்தல் வேண்டும்.

கண் பற்றிய செய்தி அக்காலப் புள்ளியேடுகளில் இராது. மறைத்தவரே பின்னர் கூறினாலன்றி அது வெளிவர வழியில்லை. சிக்காகோவில் எதிர்க்கழகத்தவர் ஒருவர் மட்டையால் முகத்திற் குத்திப் பற்களை உடைத்ததும், நிறத்தைச் சுட்டிய வசைகளும் அவ்வாறே அவர் வாய்மொழியால் அறியப்படுவன. திகதி, எதிர்க்கழகம், கோல் எண்ணிக்கை ஆகியவற்றுக்கோ நினைவை நம்புதல் தகாது. அவற்றுக்கு ஏடே சான்று. 1958இன் அவ்வாட்டம் 3–0 என முடிந்ததை ஏடு கூறும். தாம் செய்தது புதுமையென அன்றிரவு தாமே உணரவில்லை என்பதை அவரே கூறுதல் வேண்டும். ஏடு கூறவேண்டியதை நினைவிடமும், நினைவு கூறவேண்டியதை ஏட்டிடமுங் கேட்டு மயங்குவதே இத்தகைய வரலாறுகளிற் காணும் பிழைகளுட் பெரும்பாலானவற்றுக்குக் காரணம்.

இன்னும் ஒரு வழு எஞ்சியுள்ளது. ஓறீ 1979இல் ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்று, 1998 முதல் லீக்கின் தூதுவராக நகர்தோறுஞ் சென்று சிறுவரை இவ்வாட்டத்துக்கு அழைத்து வந்தார். 2018ஆம் ஆண்டு ஹொக்கிப் புகழ்மண்டபத்திற் சேர்க்கப்பட்டபோது ஆட்டக்காரர் பிரிவிற் சேர்க்கப்பட்டார் எனச் சிலர் எழுதுகின்றனர். சேர்க்கப்பட்டது ஆட்டத்தை வளர்த்தோர் பிரிவில். 45 ஆட்டங்களுக்காக அன்று, அதன்பின் வந்த இருபது ஆண்டு உழைப்பிற்காகவே அவருக்கு அவ்விடங் கிடைத்தது.