ஈர்க்குக் குச்சியும் ஐந்து வேரும்

கோலியனூரில் எங்கள் ஆயா கஷாயம் காய்ச்சும்போது அளவுப்படியைத் தேட மாட்டார். சட்டியில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுவார். தென்னந்தொடப்பத்திலிருந்து உருவிக் கழுவிய ஓர் ஈர்க்குக் குச்சியை அதில் நேராக நிறுத்தி, நனைந்த இடத்தில் நகத்தால் கீறுவார். பிறகு இன்னும் ஏழு டம்ளர். இடித்த வேரைப் போட்டு அடுப்பை மூட்டியதும் குச்சி இறவாணத்தில் செருகப்பட்டுவிடும். வாசல் பெருக்கி, மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்து குச்சியை விட்டுப் பார்ப்பார். கீறலுக்கு இன்னும் மேலே இருந்தால் மறுபடி இறவாணத்துக்கு.

“எட்டுக்கு ஒண்ணு கண்ணு. கொதிச்சிடுச்சின்னு எறக்கிடக் கூடாது, கோட்டுக்கு வரணும்” என்பார். வேர் விழுந்தால் தண்ணீர் மட்டம் கொஞ்சம் உயரத்தான் செய்யும்; அது அவர் கணக்கில் தள்ளுபடி.

ஆயுர்வேதத்தின் சார்ங்கதர சம்ஹிதையும் இதைத்தான் சொல்கிறது: மருந்துச் சரக்கு ஒரு பங்கு, தண்ணீர் பதினாறு பங்கு, எட்டில் ஒன்றாக வற்ற வேண்டும். ஐம்பது கிராம் வேருக்கு எண்ணூறு மில்லி ஊற்றினால் கையில் நிற்பது நூறு மில்லி. சித்த மருத்துவம் இதையே குடிநீர் என்கிறது. ஆயுர்வேதம், சித்தம் என்று இரண்டு தனி வீடு இருப்பது ஆயாவுக்குத் தெரியாது. ஊரில் எல்லாமே நாட்டு மருந்துதான், காய்ச்சினால் கஷாயம்தான். வடமொழியில் கஷாயம் என்றாலே துவர்ப்பு. வேரிலும் பட்டையிலும் இருக்கும் துவர்ப்பொருள் தண்ணீரில் இறங்குவதால் வந்த பெயர். இரும்புச் சட்டி ஆகாது என்பதும் அதனால்தான்: துவர்ப்பொருளும் இரும்பும் சேர்ந்தால் நீர் மை போலக் கறுத்துப்போகும். பழைய எழுதுமையைத் தயாரித்ததே அந்தச் சேர்க்கையில்தான். மண்சட்டிதான் நல்லது, இல்லையென்றால் எவர்சில்வர்.

வேரை மாவாக அரைக்கவும் கூடாது. உலக்கையால் ஒன்றிரண்டாக இடித்தால் போதும். மாவானால் கஷாயம் குழம்பி, வடிகட்ட வராமல் அடிபிடித்துவிடும். தீ சின்னதாக இருக்க வேண்டும், சட்டியை மூடக் கூடாது. இந்த விதிக்கு நன்னாரியும் வெட்டிவேரும் விலக்கு. அவற்றின் மணமே ஆவியாகிற பொருள்; திறந்து வைத்துக் கொதிக்கவிட்டால் தெரு முழுக்க மணக்கும், டம்ளரில் ஒன்றும் இருக்காது. கொதிநீரை ஊற்றி மூடி வைக்கவேண்டியவை அவை.

ஆயாவின் கஷாயங்களில் பெரிய கஷாயம் ஒன்று உண்டு. நாள்பட்ட இருமல், பிள்ளை பெற்ற உடம்பு, காய்ச்சல் விட்டும் விடாத அசதி என்று எதற்கும் அதைத்தான் எடுப்பார். “அஞ்சு வேரு” என்பது அவர் வைத்த பெயர். கல்லூரியில் பதினெண்கீழ்க்கணக்கு நடத்தியபோதுதான் அதன் முழுப்பெயர் எனக்குத் தெரிந்தது. சிறுபஞ்சமூலம்.

கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகிய ஐந்தின் வேர். காரியாசான் தம் நீதி நூலுக்கு இந்தக் கஷாயத்தின் பெயரையே வைத்தார். ஐந்து வேர் உடம்பைத் தேற்றுவதுபோல, பாட்டுக்கு ஐந்து கருத்து மனத்தைத் தேற்றும் என்பது கணக்கு. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் நல்லாதனாரின் திரிகடுகம் ஆயின. ஏலம் முதலான ஆறு சரக்கு கணிமேதாவியாரின் ஏலாதி ஆயிற்று. நாட்டு மருந்துக் கடைப் பட்டியலை இலக்கியத் தலைப்பாக வைத்துப் புரியவைக்க முடிந்திருக்கிறது என்றால், அன்றைய வாசகருக்கு அந்த வேர்கள் எவ்வளவு பழகியிருக்க வேண்டும்! இன்று தேர்வுக்கு இந்த ஐந்து பெயரையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அதில் ஒரு செடியையாவது காட்டச் சொல்லிப் பாருங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. காரியாசான் சமணர் என்பது பொதுக் கருத்து. மண்ணைத் தோண்டினால் சிற்றுயிர்கள் மாளும் என்று கிழங்கையே தொடாத சமயம் அது. திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் இன்றும் இருக்கிறது. அந்தப் பக்கத்துச் சமண வீடுகளில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் விலக்கு. சோற்றுக்கு ஆகாத வேர் நூலுக்குப் பெயராக இருந்திருக்கிறது. மருந்துக்கு அவர்கள் ஒரு விலக்கு வைத்திருக்க வேண்டும்.

ஐந்து வேரையும் நானே தேடிப் பார்ப்பது என்று போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். ஆயா இல்லை, அத்தை இருக்கிறார். தென்பெண்ணையிலிருந்து வருகிற கோலியனூரான் வாய்க்கால் கரையோடு இருவரும் நடந்தோம். கண்டங்கத்திரிக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. தரையோடு படர்ந்து, இலையின் நடு நரம்பில்கூட மஞ்சள் முள் குத்திட்டு நிற்க, கத்தரிப்பூ நிறத்தில் பூத்துக் கிடந்தது. பச்சையில் வெள்ளைக் கோடு போட்ட காய், பழுத்தால் மஞ்சள். “அந்தப் பழத்தைச் சுட்டுத்தான் எங்கம்மா பல்வலிக்குப் பொக புடிக்கும்” என்றார் அத்தை. சிறுவழுதுணை என்று நூல் சொல்வதை எங்கள் பக்கம் முள்ளி என்கிறார்கள், கடைக்காரருக்குக் கறிமுள்ளி. இடுப்பளவு நிற்கிற கத்தரி இனம். அதுவும் ஒரு வேலியோரம் கிடைத்தது.

நெருஞ்சியில்தான் தகராறு. “இதா” என்று அத்தை காட்டியது சதைப்பற்றான தண்டும் பெரிய மஞ்சள் பூவுமாக இருந்தது. ஒரு கிளையை ஒடித்துச் சொம்புத் தண்ணீரில் நாலு சுற்றுச் சுற்றினார். தண்ணீர் விளக்கெண்ணெய் போலக் கொழகொழவென்று ஆகிவிட்டது. அது ஆனைநெருஞ்சி. நீர்க்கடுப்புக்குப் பேர்போனது, நல்ல மருந்துதான். ஆனால் சிறுபஞ்சமூலத்தில் சேர்வது தரையில் படர்ந்து, சின்ன மஞ்சள் பூ பூத்து, காலில் முள் ஏற்றுகிற சிறுநெருஞ்சி. இரண்டுக்கும் குடும்பமே வேறு. அத்தைக்கு இரண்டுமே நெருஞ்சி. ஆயா இருந்திருந்தால் திட்டியிருப்பார்.

சிறுமல்லியும் பெருமல்லியும் கிடைக்கவில்லை. ஆயுர்வேதக்காரர்கள் அந்த இடத்தில் ஓரிலை, மூவிலை என்ற இரண்டு செடிகளைச் சேர்க்கிறார்கள். இரண்டும் அவரை இனத்துச் சிறு செடிகள். புதர்க்காடும் நிழலும் வேண்டியவை. எங்கள் பக்கம் புதர் இருந்த இடமெல்லாம் இப்போது மனை. கோலியனூர் கூட்டுரோட்டில் நின்று புதுச்சேரிப் பக்கம் பார்த்தாலும் பண்ருட்டிப் பக்கம் பார்த்தாலும் தெரிவது கொடி நட்ட பிளாட்டுகள்தான்.

சரி, கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று விழுப்புரம் பாகர்ஷா வீதிப் பக்கம் போனேன். ஒரு கடையில் நெருஞ்சி வேர் கேட்டேன். நெருஞ்சி முள்ளை அள்ளிப் போட்டார்கள். “வேரு யாருங்க கேக்கறாங்க, இதையே போட்டுக் காய்ச்சுங்க.” இன்னொரு கடையில் நன்னாரி என்று வாங்கியதை வீட்டில் அத்தை முகர்ந்துவிட்டு, “இது ஊறுகா போடற மாகாளிடா” என்றார். சரியாகத்தான் சொன்னார். நன்னாரி வேர் ஒல்லியாக, கம்பி போல நெளிந்து இருக்கும். மாகாளிக் கிழங்கு விரல் தடிமன். மணம் ஏறக்குறைய ஒன்று என்பதால் ஒன்றின் பெயரில் மற்றொன்று விற்பது சந்தையில் பழைய வழக்கம். மாகாளி குடித்து யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் எல்லா மாறாட்டமும் இப்படி ஊறுகாயோடு போய்விடுவதில்லை.

பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகரில் 1990-92-இல் உடல் இளைப்பதற்காக ஒரு மருத்துவமனையில் சீன மூலிகை வேர் சேர்ந்த மாத்திரை கொடுத்தார்கள். சேர்க்க நினைத்தது ஒரு வேர். சீனப் பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல் ஒலித்ததால் சேர்ந்தது இன்னொரு வேர். நூற்றுக்கு மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பலருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்த வேண்டியிருந்தது. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. அந்த வேரில் இருந்த நஞ்சு அரிஸ்டோலோக்கிக் அமிலம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-இல் அந்த இனத்து மூலிகை மருந்துகளைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதிப் பட்டியலில் சேர்த்தது.

பெல்ஜியத்துக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். அதே இனத்துச் செடிகள் இரண்டு நம் ஊரிலேயே இருக்கின்றன. ஒன்று கரிசல் வயலில் களையாக முளைக்கிற ஆடுதின்னாப்பாளை. இன்னொன்று பாம்புக்கடிக்கு என்று வேலியில் வளர்க்கிற ஈசுரமூலி. பெருமருந்து என்றும் பெயர். பூச்சி விழ என்று பாளையிலையை அரைத்துக் குழந்தைக்குக் கொடுத்த வீடுகள் எனக்கே தெரியும். தலைமுறை தலைமுறையாகக் குடித்தோம், யாருக்கு என்ன ஆயிற்று என்பது இங்கே பதிலாகாது. இந்த நஞ்சு குடித்த அன்றே காட்டாது. வருடங்கள் கழித்துத்தான் சிறுநீரகத்தைப் படுக்கவைக்கும். காரணத்தை யாரும் கஷாயத்தோடு முடிச்சுப்போட மாட்டார்கள். பழசு என்பதாலேயே ஒரு வேர் நல்லதாகிவிடாது. இதை ஆயாவிடம் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.

சிறுபஞ்சமூலத்துக்கு ஓர் அண்ணன் உண்டு, பெரும்பஞ்சமூலம். வில்வம், முன்னை, பெருவாகை, பெருங்குமிழ், பாதிரி என்று ஐந்து மரங்களின் வேர். இரண்டும் சேர்ந்தால் தசமூலம். பிள்ளை பெற்ற வீட்டு அலமாரியில் இருக்கும் தசமூலாரிஷ்டத்தின் ஆதாரம் இந்தப் பத்துதான். கஷாயத்தில் வெல்லமும் காட்டாத்திப் பூவும் போட்டு நுரைக்கவிட, தானே ஊறும் சாராயம் அதை வருடக்கணக்கில் கெடாமல் காக்கிறது.

அந்த ஐந்து மரங்களில் பாதிரிக்கும் எங்கள் பக்கத்துக்கும் நெருக்கம் அதிகம். கடலூரின் திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் கொடுத்ததே அந்த மரம். பாடலீஸ்வரர் என்பதில் இருக்கும் பாடலமும் பாதிரிதான். தலமரமாக இருப்பதால் கோயிலுக்குள் பிழைத்திருக்கிறது. வெளியே? செடியைப் பிடுங்கினால் அடுத்த மழைக்கு விதை முளைக்கும், மரத்தின் வேரை வெட்டினால் மரமே போய்விடும். அதனால் சந்தைக்கு இப்போது வருவது பெரும்பாலும் வேர்ப்பட்டை அல்ல, அடிமரப் பட்டை. வேருக்குச் சொன்ன குணம் பட்டைக்கும் அப்படியே உண்டா என்பது வேறு கேள்வி. மரம் பிழைக்கட்டும் என்பதுதான் என் கட்சி.

கஷாயத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தது காய்ச்சல்கள்தாம். 2012-இல் டெங்கு பரவியபோது அரசு நிலவேம்புக் குடிநீர் கொடுத்தது. நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை வேர், கோரைக்கிழங்கு, பேய்ப்புடல், பற்படாகம், சந்தனம், சுக்கு, மிளகு என ஒன்பது சரக்கு. 2020-இல் பதினைந்து சரக்குக் கபசுரக் குடிநீர். பந்தல் போட்டு, கொடி கட்டி, பிளாஸ்டிக் டிரம்மில் நிரப்பிப் பேப்பர் கப்பில் ஊற்றினார்கள். காலையில் காய்ச்சியது சாயங்காலம் வரை டிரம்மில் இருந்தது. சித்த மருத்துவம் குடிநீருக்கு வைத்திருக்கும் ஆயுள் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். சாராயமும் இல்லாமல் சர்க்கரைப் பாகும் இல்லாமல் வெறும் நீரில் இறங்கிய சத்து புளிக்கத்தான் செய்யும். ஆயா மிச்சக் கஷாயத்தை வாழையடியில் கொட்டிவிடுவார். ராத்திரிக்கு வேண்டுமென்றால் ராத்திரி காய்ச்சுவார்.

ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாள் குடிக்கலாமா என்று கேட்காதீர்கள். கர்ப்பிணிகளும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், தினம் மாத்திரை போடுகிறவர்களும் வைத்தியரைக் கேட்காமல் எந்த வேரையும் காய்ச்ச வேண்டாம். மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சலுக்கு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குத்தான் பஸ் ஏற வேண்டும், வாய்க்கால் கரைக்கு அல்ல.

ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ செடியைப் பார்த்துப் பேர் சொல்லத் தெரிந்த ஓர் ஆயா இருந்தால், ஐப்பசி மழை விட்டதும் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போங்கள். அவர் காட்டுகிற ஒவ்வொரு செடியையும் செல்போனில் படம் பிடியுங்கள். வேரை மட்டும் எடுத்தால் பிரயோஜனமில்லை, பல வேர்கள் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். இலை, பூ, காய் மூன்றும் படத்தில் இருக்க வேண்டும். அவர் சொல்லும் பெயரை அவர் குரலிலேயே பதிந்துகொள்ளுங்கள். பிடுங்க வேண்டாம்.