கருமலைக் கவிஞர் நியேகோஷ்

ஐரோப்பாவின் தென்கிழக்கே, அட்ரியாட்டிக் கடலோரம் எழுந்து நிற்கும் சுண்ணப்பாறை மலைகளின் நாடு மாண்டினீக்ரோ. கருமலை என்பதே அப்பெயரின் பொருள். உதுமானியப் பேரரசு அண்டையில் பரந்திருந்த காலத்தில், தமக்குள்ளே பழிதீர்த்துக் கொண்டிருந்த மலைக்குடிகளை ஒருங்கிணைத்தவர்கள் செத்தினியே மடத்தின் கிறித்தவ ஆயர்கள். துறவிகளான அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை. ஆதலால் ஆட்சி உடன்பிறந்தார் மகனுக்குச் செல்வது வழக்கமாயிற்று. அவ்வாறு 1830ஆம் ஆண்டில் பெரிய தந்தையின் இடத்திற்கு வந்தவர் இரண்டாம் பேத்தர் பெத்ரோவிச் நியேகோஷ். 1813இல் பிறந்த அவர், அப்போது பதினேழு அகவையை எட்டும் இளைஞர்.

அவர் பெற்ற முறையான கல்வி மிகக் குறைவு. மடத்துத் துறவியரிடமும் சிமா மிலுத்தினோவிச் என்னும் கவிஞரிடமும் பயின்றார். குஸ்லே என்னும் நரம்பிசைக் கருவியுடன் பாடப்படும் வீரப்பாடல்களைக் கேட்டே வளர்ந்தார். ஆட்சிக்கு வந்தபின் வரி விதித்தார்; குடிகளை அடக்கக் காவற்படை அமைத்தார். வரியை மலைமக்கள் விரும்பவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! 1834இல் செத்தினியேயில் பள்ளி ஒன்றையும் அச்சகம் ஒன்றையும் நிறுவினார். அவருடைய கவிதைகள் அவ்வச்சகத்திலேயே அச்சேறின.

அவரது புகழுக்குக் காரணமான நூல் 1847இல் வியன்னாவில் வெளிவந்த 'மலைக்கண்ணி'. கண்ணி என்பது இங்குத் தலையில் சூடும் மாலை. 2819 அடிகளைக் கொண்ட இந்நூல், நாடகம்போல் உரையாடல்களாக அமைந்திருப்பினும் மேடைக்கென எழுதப்பட்டதன்று. பெரும்பகுதி வீரப்பாடல்களுக்குரிய பத்தசை யாப்பில் நடக்கிறது. கைகோத்து வட்டமாக ஆடுவோர் இடையிடையே மக்களின் குரலாய்ப் பாடுகின்றனர்.

இசுலாம் தழுவிய தம் இனத்தாரை அழித்துவிட வேண்டும் என்று குடித்தலைவர்கள் ஆயர் தனிலோவை நெருக்குவதே கதை. தனிலோவோ உறக்கமின்றித் தவிக்கிறார், தயங்குகிறார், இறுதியில் குருதி சிந்தப்படுகிறது. நூலில் சிரிப்புக்கும் இடமுண்டு. வெனிஸ் நகரம் சென்று வந்த திராஷ்கோ, அங்குக் கண்ட நாடக அரங்கையும் சிறைக்கூடத்தையும் மலைவாழ்நர் வியப்போடு விவரிக்கிறான். கொலையுண்ட பத்ரிச் என்பவனுக்காக அவன் தங்கை பாடும் ஒப்பாரி வேறோர் யாப்பில் அமைந்து, படிப்போர் நெஞ்சை உலுக்குகிறது.

இந்நூல் கூறும் படுகொலை அவ்வாறே நிகழ்ந்ததா என்பதை வரலாற்றாசிரியர் பலர் ஐயுறுகின்றனர். எனினும் 1990களின் யூகோசுலாவியப் போர்க்காலத்தில் செர்பியத் தேசியவாதிகள் இதன் அடிகளைப் பகைமைக்குக் கருவியாக்கினர். போஸ்னிய முசுலிம்கள் பலருக்கு இன்றும் இது புண்படுத்தும் நூல். தனிலோவின் தயக்கத்தைக் கவிஞர் எத்துணை நுட்பமாகக் காட்டினாலும், கொல்லப்படுவோரின் துயருக்கு அதற்கிணையான இடம் தரவில்லை என்பதே என் கருத்து. கவித்திறனைப் போற்றுவோரும் இக்குறையை மறைத்தல் தகாது.

உருசியப் பேரரசர் மூன்றாம் பீட்டர் தாமே எனக் கூறி மாண்டினீக்ரோவை ஆண்ட ஒரு போலியைப் பற்றிய 'பொய்யரசன் சிறிய ஷ்செபான்' என்னும் நாடகம் 1851இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே நியேகோஷ் காசநோயால் 37ஆம் அகவையில் மறைந்தார். மறு ஆண்டு உதுமானியரோடு போர் மூண்டது. குண்டுகளுக்கு ஈயம் தேவைப்பட்டபோது, அவர் நிறுவிய அச்சகத்தின் எழுத்துகளை உருக்கி வார்த்தனர்.