மூன்று தினங்கள்

தாம்பரம் சானடோரியத்தில், மெப்ஸ் ஏற்றுமதி மண்டல வளாகத்தின் வாயிலிலிருந்து வேலை முடிந்து, சிட்லபாக்கத்திலும் செலையூரிலும் உள்ள வாடகை அறைகளை நோக்கிக் கூட்டங்கூட்டமாகச் செல்லும் இளம்பெண்களைக் காணும்போதெல்லாம், இவர்களில் ஒருத்திக்கு இன்றிரவே ஓர் அவசரக் கருத்தடை மாத்திரை தேவைப்படுமானால், ஜி.எஸ்.டி. சாலையில் எத்தனை மருந்துக்கடைகளின் படியேறி, எத்தனை பேர் காதுபட அதன் பெயரைச் சொல்லி, வெறுங்கையுடன் இறங்க நேரிடுமோ என்ற கவலை என் மனத்தை விட்டு நீங்குவதில்லை. மருத்துவர் சீட்டின்றியே விற்கலாமென 2005ஆம் ஆண்டு முதல் அனுமதிக்கப்பட்ட அம்மாத்திரை, சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பல ஆண்டுகளாகக் கடைகளில் கிடைப்பது அரிதாகவே இருந்து வந்திருக்கிறது. அதைக் கருக்கலைப்பு மருந்தென்று எண்ணும் மயக்கமே இதற்குப் பெருங்காரணம் என்பது என் அபிப்பிராயம்.

தடுப்பது வேறு, கலைப்பது வேறு

லெவோநார்ஜெஸ்ட்ரல் என்னும் ஹார்மோன் 1.5 மில்லிகிராம் அடங்கிய அம்மாத்திரை, சினைப்பையிலிருந்து முட்டை வெளிப்படுவதைத் தாமதப்படுத்திக் கருவுறாமற் காக்கிறதேயன்றி, முன்னமே தரித்துவிட்ட கர்ப்பத்தைக் கலைக்கும் சக்தி அதற்குக் கிடையாது. ஆகையால் பாதுகாப்பற்ற உடலுறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள், கூடுமானால் முதல் நாளிலேயே, அதை உட்கொள்வது உத்தமம். ஐந்து தினங்களுக்குள் கருப்பையில் காப்பர்-டி பொருத்திக்கொள்வது இன்னும் உறுதியானது. கருக்கலைப்பைப் பாபமென மனப்பூர்வமாக நம்புவோரை நான் மதிக்கிறேன். அவர்களே இம்மாத்திரைக்காக முதலில் வாதாட வேண்டியவர்கள் என்றும் சொல்வேன். 1928இலேயே கருத்தடைப் பிரசாரத்துக்கென நியோ-மால்தூசியன் லீக் தோன்றியதும், பெண்ணின் விடுதலைக்கே கர்ப்பத்தடை வேண்டுமெனப் பெரியார் 1930இல் தம் குடி அரசு இதழில் எழுதியதும் இந்தச் சென்னை ராஜதானியிலன்றோ?

சட்டம் தரும் அவகாசம்

கருத்தடை பலிக்காமற் போனதால் உண்டான கர்ப்பத்தை, விவாகமாகாத பெண்ணாயினும், ஒரு மருத்துவரின் சம்மதத்தோடு 20 வாரம் வரை கலைத்துக்கொள்ளலாமென 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தின் 2021ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. சில நிலைமைகளில் இரு மருத்துவர்களின் சம்மதத்தோடு அளிக்கப்படும் 24 வார அவகாசத்திலும் விவாகமாகாதோரை விலக்கலாகாதென உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29இல் தீர்ப்பளித்தது. பதினெட்டு நிரம்பியவளுக்குத் தன் சம்மதம் ஒன்றே போதும். கணவனுடைய கையொப்பமோ, தகப்பனாருடைய கையொப்பமோ வேண்டுவதில்லை. அவள் பெயரை ரகசியமாகக் காப்பது மருத்துவரின் சட்டக் கடமை. ஆயினும் வாரங்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்தே எண்ணப்படுவதால், நாள் தள்ளிப்போயிற்றென்று அவள் திகைக்கும் வேளையிலேயே நான்கு வாரம் கழிந்திருக்கும்.

தனியே விழுங்கும் மாத்திரை

கருக்கலைப்பு மாத்திரைகளான மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் ஆகிய இரண்டையும் ஒன்பது வாரத்துக்குள் மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்வது பாதுகாப்பானதே. கர்ப்பம் கருப்பையில்தான் இருக்கிறதா என்று பாராமல் விழுங்குவதில்தான் அபாயம் உள்ளது, ஏனெனில் கருக்குழாயில் தங்கிய கர்ப்பத்தை இவை கலைப்பதில்லை, அது உடைந்தால் உயிருக்கே ஆபத்து. மணிக்கு இரண்டு நாப்கின்கள் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலும், தாங்கவொண்ணாத வயிற்றுவலி, ஜுரம், மயக்கம் கண்டாலும், விடியட்டும் என்று விடுதி அறையில் படுத்திராமல் 108ஐ அழைத்து, எந்த மாத்திரையை எப்போது விழுங்கினாள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் கூறிவிட வேண்டும்.