பொம்மையின் கழுத்து ஏன் சாய்கிறது?

தெலங்கானாவில் பெயர்பெற்ற பொம்மைகள் துணியால் ஆனவையல்ல. ஐதராபாத்துக்கு வடக்கே ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவிலுள்ள நிர்மலில் பொனிகி என்னும் மென்மரத்தைச் செதுக்கியும், செரியாலில் மரத்தூளைப் புளியங்கொட்டைப் பசையோடு பிசைந்தும் உருவங்கள் செய்யப்படுகின்றன. இரண்டிலும் உருவம் செய்பவரின் கண்ணெதிரிலேயே வளர்வதால், மூக்கு கோணினால் அப்போதே சீவவோ அப்பவோ முடியும். துணிப் பொம்மைக்கு இந்த வசதி கிடையாது. அது உள்புறம் வெளியே தெரியும்படி தைக்கப்பட்டு, பிறகு திருப்பப்பட்டு, பஞ்சு அடைத்த பின்னரே தன் வடிவத்தைக் காட்டும் என்பதால், வெட்டும்போது நேர்ந்த பிழை கடைசியில்தான் அகப்படுகிறது.

ஐதராபாத்தில் துணிப் பொம்மை செய்ய முனைவோரை ஈர்ப்பது பெரும்பாலும் லம்பாடிப் பெண்களின் உடை. கண்ணாடியும் சோழியும் நாணயமும் பதித்த அந்தப் பாவாடையைச் சிறிதாக்கித் தைப்பது கண்ணுக்கு வேலை வைக்குமே தவிர, மனத்தைச் சோர்வடையச் செய்வதில்லை. தொல்லையெல்லாம் உடையின் உள்ளே இருக்கும் உடலில்தான்.

முதல் சிக்கல் இழையில் தொடங்குகிறது. துணியின் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் எளிதில் நீளாது. கிராஸாக, அதாவது மூலைவாட்டில் வெட்டிய துணியோ இழுத்த இழுப்புக்கு வரும். துணியை மிச்சப்படுத்த எண்ணி ஒரு காலை நேராகவும் மற்றொன்றைக் கிராஸாகவும் வெட்டினால், தைக்கும்வரை ஒரே அளவாகத் தோன்றிய இரு கால்களும் பஞ்சு புகுந்ததும் ஒன்று நீண்டும் ஒன்று குட்டையாகவும் நிற்கும்.

அடுத்தது விரல்கள். வளைவான இடங்களில் தையலுக்கு வெளியே விட்ட துணியைச் சிறு சிறு வெட்டுகளாகக் கத்தரித்தால்தான் திருப்பும்போது சுருக்கம் விழாது. ஆனால் வெட்டு தையலை நெருங்கிவிட்டால், பஞ்சின் அழுத்தத்தில் அந்த இடம் பிரிந்து வாய் பிளக்கும். பென்சில் பருமன்கூட இல்லாத துணிக்குழலைக் குச்சியால் தள்ளித் திருப்பும் அந்தச் சில நிமிடங்களில் பொறுமையிழந்து கூர்முனையால் குத்தி, முடிந்த கையைப் பாழாக்காதவர் அரிது.

கழுத்தின் கதை வேறு. பெரிய தலையின் பாரம் முழுவதும் குறுகிய கழுத்தில் இறங்குவதால், அங்கே பஞ்சு சற்றே தளர்ந்தாலும் மடிப்பு விழுந்து தலை சாய்ந்துவிடும். பஞ்சைப் பெரிய உருண்டையாகத் திணித்தால் வெளியே முடிச்சு முடிச்சாகத் தெரியும். சிறு துணுக்குகளாகப் பிய்த்து, தலையிலிருந்து கழுத்து வழியாக மார்புவரை இடைவெளியின்றி இறுக்கிவருவதே சரியான முறை. உள்ளே கம்பி வைப்பதும் உண்டு. அலமாரியில் நிறுத்தும் பொம்மைக்கு அது பொருந்தலாம், குழந்தையின் கைக்குப் போகும் பொம்மைக்குக் கூடவே கூடாது.

இத்தனைக்கும் பிறகு, கண்ணை ஒரு நூலிழை தள்ளித் தைத்தால் சிரித்த முகம் திகைத்த முகமாகிவிடும். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவாவில் துணிப் பொம்மைகள் செய்துவரும் ரமேஷ், சாந்தி பர்மார் இணையருக்கு 2023-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டதை இந்த நுணுக்கத்துக்குக் கிடைத்த மதிப்பு என்றே கொள்ள வேண்டும்.

புதிதாகத் தைப்பவர் முதல் பொம்மைக்கு ஐந்து விரல் வைக்க வேண்டியதில்லை. கட்டைவிரல் மட்டும் பிரிந்த கையே போதும்.